பேலஸ் மைதானத்தில் பழைய பாடல்கள்

ஓசூரில் மேற்கத்திய ராக் இசை கேட்பவர்கள் என்று ஒரு சிறு கூட்டம் உண்டு என்று சொன்னால் சென்னை நண்பர்கள் நம்புவதில்லை. ஓசூர் என்றால் அவர்களுக்கு ரோஜாப்பூ, சிப்காட், பெங்களூர் போகும் வழியில் தேநீருக்கு நிறுத்தும் ஊர். அவ்வளவுதான். ஆனால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் இந்த ஊருக்கு, மதுரையோ கோவையோ தரமுடியாத சிலவற்றை நாற்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்த பெங்களூர் தந்துகொண்டிருந்தது. 1990களின் தொடக்கத்தில் நாங்கள் நால்வர் அப்ரண்டிஸ்களாக ஒரே அறையில் தங்கியிருந்தோம். ஷிப்டு மாறும் ஞாயிறுகளில் பஸ் ஏறி மெஜஸ்டிக் போய், நடைபாதைக் கடைகளில் பதிவு செய்த கேசட்டுகளை வாங்கி வருவோம். அட்டையில் பெயர்கூடச் சரியாக எழுதியிருக்காது. அப்படித்தான் அயர்ன் மெய்டன் எங்கள் அறைக்குள் வந்தது.

அந்தக் கேசட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அறுபது நிமிட நாடாவில் இரண்டு ஆல்பங்களை அடைக்கப் பார்த்திருந்தார் கடைக்காரர். ஒரு பக்கத்தின் கடைசியில் ‘ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரைனர்’ வரும். 1798இல் வெளிவந்த கோல்ரிட்ஜின் நெடுங்கவிதையை ஸ்டீவ் ஹாரிஸ் பதின்மூன்று நிமிடத்துக்கும் மேலான பாடலாக்கியிருந்தார். 1984இல் ‘பவர்ஸ்லேவ்’ ஆல்பத்தில் வந்தது. ஆல்பட்ரோஸ் பறவையைக் கொன்ற மாலுமியின் கப்பல் காற்றின்றி நடுக்கடலில் நின்றுவிடுகிறது. உடனிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்து விழுகிறார்கள். வாத்தியங்கள் அடங்கி, கப்பலின் மரம் முனகுவது மட்டும் கேட்கும். எங்கள் கேசட்டில் அந்த இடத்தில் நாடா தீர்ந்து, டேப்ரிக்கார்டரின் பொத்தான் டக்கென்று மேலே எழும்பும். எங்களில் ஒருவர் அரசுக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஆலைக்கு வந்தவர். மிச்சக் கதையை அவர்தான் சொன்னார். சில ஆண்டுகளுக்குப் பிறகு குறுந்தகட்டில் முழுப் பாடலையும் கேட்டோம். ஆனாலும் எங்களுக்குள் அந்தக் கப்பல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

2009 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் பேலஸ் மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தது. அதற்கு முன்பும் ஒருமுறை, 2007 மார்ச்சில், அதே மைதானத்துக்கு வந்திருந்தார்கள். அப்போது அவர்களிடம் ஒரு புதிய ஆல்பம் இருந்தது. இம்முறை வந்தது வேறு நோக்கத்தோடு: பெரும்பாலும் 1980களின் பாடல்களை மட்டுமே வாசிப்பதற்கென்று உலகம் சுற்றிய பயணம் அது. அவர்களுடைய போயிங் 757 விமானத்தை ஓட்டியவர் பாடகர் புரூஸ் டிக்கின்சனே. அவர் முறையாக உரிமம் பெற்ற பயணிகள் விமானி.

பழைய இசைக்குழுக்கள் மீண்டும் ஒன்றுகூடி இளமைப் பாடல்களை வாசிப்பதைச் சந்தேகத்தோடு பார்ப்பது வழக்கம். அந்தச் சந்தேகம் பங்க் இசைக்குழுக்கள் மீதுதான் கடுமையாக விழும். இருபது வயதின் கோபத்தைத் தவிர வேறு மூலதனம் இல்லை என்று அறிவித்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். 1996இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் மீண்டும் சேர்ந்தபோது, பணத்துக்காகத்தான் சேர்கிறோம் என்பதைப் பயணத்தின் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். அந்த நேர்மையை ரசிக்கலாம், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. கிளாஷ் குழுவின் கதை வேறு. 2002 நவம்பர் 15 அன்று லண்டனின் ஆக்டன் நகர மண்டபத்தில், வேலைநிறுத்தத்தில் இருந்த தீயணைப்புத் தொழிலாளர்களுக்காக ஜோ ஸ்ட்ரம்மர் தன் புதிய குழுவோடு பாடிக்கொண்டிருந்தார். பார்வையாளராக வந்திருந்த மிக் ஜோன்ஸ், திட்டம் ஏதுமின்றி, மேடையேறி கிதாரை எடுத்துக்கொண்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் பழைய பாடல்களை ஒன்றாக வாசித்தார்கள். ஐந்து வாரத்தில் ஸ்ட்ரம்மர் இறந்துபோனார். (அவருடைய தந்தை நம் லக்னோவில் பிறந்தவர்.) தொழிற்சங்க மேடையில் நடந்த அந்த இணைவை நினைத்தால் ஆலைத்தொழிலாளிகளான எங்களுக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும்.

அயர்ன் மெய்டன் பங்க் குழு அல்ல. சொல்லப்போனால் பங்க் இசையின் சாயல் தன்மேல் படிந்ததாகச் சொல்வதை ஹாரிஸ் எப்போதும் மறுத்தே வந்திருக்கிறார். ஆனால் 1980இல் வந்த முதல் ஆல்பத்தில் பால் டியானோவின் கரடுமுரடான குரலைக் கேட்பவர்களுக்கு அந்த மறுப்பு முழுதாக ஒப்பாது. அதே லண்டன், அதே வேலையின்மை, அதே அவசரம். ஹாரிஸ் கிழக்கு லண்டன் பையன். கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து, வேலை போய், தெருக்கூட்டும் வேலைக்குச் சென்றவர். இதைப் படித்த நாளில், ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்த எங்கள் அறை நண்பர் அடைந்த பெருமிதத்துக்கு அளவேயில்லை.

அவர்களிடமும் பிரிவும் சேர்க்கையும் உண்டு. கிதார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித் 1990இல் விலகினார். 1993இல் டிக்கின்சன் போனார். 1999இல் இருவரும் திரும்பிவந்தார்கள். அப்போது செய்த ஒரு காரியத்துக்காகவே அவர்களை மதிக்கிறோம். ஸ்மித்தின் இடத்தில் ஒன்பது ஆண்டுகள் வாசித்த யானிக் கெர்ஸை அவர்கள் வெளியேற்றவில்லை. இரண்டு கிதார்களை மூன்றாக்கிக்கொண்டார்கள். பழைய ஆள் வந்தால் புதிய ஆளுக்குக் கணக்கு முடிக்கும் உலகத்தில் வேலை செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நால்வரில் ஒருவர் வர மறுத்துவிட்டார். வன்னியில் மக்கள் குறுகிய நிலப்பரப்புக்குள் சிக்கி, மேலே விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருந்த மாதம் அது. சென்னை சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் தீக்குளித்து இரண்டரை வாரமே ஆகியிருந்தது. “ஆகாயச் சண்டையைப் பற்றிய பாட்டுக்குக் கையைத் தூக்கி ஆடுவதற்கு இதுதான் நேரமாண்ணா?” என்று கேட்டார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. மூவராகப் போனோம்.

அவர் சொன்னது நிகழ்ச்சியின் முதல் நிமிடத்திலேயே எதிரே வந்து நின்றது. விளக்குகள் அணைந்ததும் சர்ச்சிலின் குரல் ஒலித்தது. 1940 ஜூனில் அவர் ஆற்றிய புகழ்பெற்ற போருரையின் பகுதி, ‘ஏசஸ் ஹை’ பாடலுக்கு முகப்பாக. பிரிட்டனின் வான்படை வீரர்களைப் பற்றிய பாடல் அது. ஆயிரக்கணக்கான இந்திய இளைஞர்கள் சர்ச்சிலுக்கு ஆரவாரம் செய்தார்கள். 1896இல் இளம் குதிரைப்படை அதிகாரியாக இதே பெங்களூரில் வந்திறங்கியவர்; கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனதாகப் பேரேடு இன்னும் சொல்கிறது. 1943இன் வங்கப் பஞ்சத்துக்கு அவர் வைத்துப்போன பாக்கி எந்தப் பேரேட்டிலும் அடங்காது. நாங்கள் மூவரும் 1792இல் திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்ட பாராமகாலின் பிள்ளைகள். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் 1791இல் ஏறமுடியாமல் அவர்களுடைய படை திரும்பிய கதையைப் பாட்டிமார் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்கள். உரை முடிந்து கிதார்கள் வெடித்தபோது எங்கள் கைகளும் மேலே போயின. போகவில்லை என்று எழுதினால் அது பொய்.

இசைக்கு இப்படி ஓர் அறமற்ற வலிமை உண்டு என்பதை நாங்கள் அங்குதான் உடம்பால் அறிந்தோம். அதே குழுவிடம் செவ்விந்தியர்களை வெள்ளையர் வேட்டையாடியதைப் பற்றிய ‘ரன் டு த ஹில்ஸ்’ பாடலும் உண்டு, அதையும் அன்று பாடினார்கள், அதற்கும் அதே ஆரவாரம்தான் எழுந்தது. எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று தாளம் நம்மைக் கேட்பதில்லை. வராத நண்பரின் கேள்வியை அந்த மைதானத்தில் எங்களால் இறக்கிவைக்க முடியவில்லை. இன்றுவரையும் முடியவில்லை.

‘ராத்சைல்ட்’, ‘பாண்டம் ஆஃப் தி ஓபரா’ என்று டியானோ காலத்துப் பாடல்களை டிக்கின்சன் பாடினார். அவை அவருடைய பாடல்கள் அல்ல. இருபத்தாறு ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றைப் பாடியும் அவற்றை மெருகேற்றி மழுப்பாமல் வைத்திருந்தார். ஹாரிஸுக்கு அன்று 52 வயது. மேடை ஓரத்து ஒலிபெருக்கிமேல் ஒரு காலை வைத்து, பேஸ் கிதாரைத் துப்பாக்கிபோல் கூட்டத்தை நோக்கி நீட்டி, ஒவ்வொரு வரியையும் வாயசைத்துப் பாடிக்கொண்டே வாசித்தார். டிரம்ஸுக்குப் பின்னால் ஆள் தெரியாமல் அமர்ந்திருந்த நிக்கோ மெக்பிரெய்னுக்கு 56.

எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் நண்பர் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் தன் 38ஆம் வயதில் வி.ஆர்.எஸ். வாங்கியிருந்தார். விருப்ப ஓய்வு என்று பெயர். யாருடைய விருப்பம் என்பது அதில் எழுதியிருக்காது. 2008இன் பொருளாதாரச் சரிவு ஓசூரின் வாகன உதிரிபாகப் பட்டறைகள்வரை வந்து சேர்ந்திருந்த நேரம். அவர் மேடையைப் பார்க்காமல் ஹாரிஸை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தப் பாடல் வந்தது. கப்பல் நின்றது. வாத்தியங்கள் அடங்கின. இருட்டில் மரம் முனகும் ஒலி மைதானம் முழுக்கப் பரவியது. எங்கள் கேசட் அறுபடும் இடம் நெருங்கியபோது மூவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தோம். பொத்தான் எழும்பவில்லை. பேஸ் கிதார் மெல்ல, ஒரு நடைபோல, மீண்டும் தொடங்கியது. மாலுமியின் கழுத்திலிருந்து பறவை விழுந்தது, மழை வந்தது, கப்பல் நகர்ந்தது. டிராஃப்ட்ஸ்மேன் நண்பர் தேம்பி அழுதார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. குறுந்தகட்டில் எத்தனையோ முறை கேட்ட முடிவுதான். ஆனால் அதைச் செய்தவர்களே, வயதான கைகளால், எங்கள் கண்ணெதிரே அந்த அறுபட்ட இடத்தைக் கடந்துபோய்க் காட்டினார்கள். இறந்தகால ஏக்கம் என்று இதைச் சொல்வது பொருந்தாது. அவர்கள் இளமையில் பாடியபோது நாங்கள் அங்கே இல்லை. எங்களுக்கு அவை பத்தாண்டு பிந்திவந்த பாடல்கள். ஏங்குவதற்கு எங்களிடம் இருந்தது ஒரு நடைபாதைக் கேசட்டும், ஆறு டிக்கெட் வாடகையைப் பங்குபோட்ட ஓர் அறையும்தான்.

கடைசியாக 1980இன் ‘சாங்க்சுவரி’யோடு முடித்துக்கொண்டார்கள். சேலம் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் திரும்பினோம். அத்திப்பள்ளி தாண்டும்வரை யாரும் பேசவில்லை. வர மறுத்த நண்பரிடம் மறுநாள் நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லத் தயங்கினோம். அவரே கேட்டார், மரைனர் பாட்டு பாடினார்களா என்று. முழுக்கப் பாடினார்கள் என்றோம். சற்றுநேரம் கழித்து, “நல்லது” என்றார்.

கிளைவ் பர் 2013இலும் டியானோ 2024 அக்டோபரிலும் காலமானார்கள். அந்த முதல் பாடல்களின் மூலக்குரல் இப்போது ஒலிப்பதிவில் மட்டும். 2023இல் பக்கவாதம் தாக்கிய பிறகும் டிரம்ஸ் வாசித்துவந்த மெக்பிரெய்ன், 2024 டிசம்பரில் பயணங்களிலிருந்து விலகிக்கொண்டார். அவரில்லாமலே 2025இல், 1980 முதல் 1992 வரையான முதல் ஒன்பது ஆல்பங்களின் பாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்கள் மீண்டும் கிளம்பினார்கள். மெக்பிரெய்ன் விலகிய செய்தியை டிராஃப்ட்ஸ்மேன் நண்பரிடம் தொலைபேசியில் சொன்னோம். இப்போது பாகலூர் சாலையில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

“எத்தனை வயசு?” என்றார்.

“72.”

“அதுதான் வி.ஆர்.எஸ்.” என்று சொல்லிவிட்டு, கடையில் ஆள் நிற்கிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.