புடவை மூட்டை

சான்றோர் வரலாறுகளைப் படித்தே நாம் ஆளானோம். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நாள்களில் பாரதி, தாகூர், டோல்ஸ்டோய், கார்க்கி ஆகியோரைப் பற்றிய நூல்கள் நமது தலைமாட்டிலேயே கிடந்தன. ஆசிரியத் தொழில் ஏற்று இரத்தினபுரித் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு வந்தபோது, அவற்றையே மூட்டை கட்டிக் கொணர்ந்து வகுப்பறை அலுமாரியில் அடுக்கினோம். இறப்பர் பால் வெட்டும் அன்னையரின் பிள்ளைகள் அவற்றை ஆவலோடுதான் படித்தார்கள். ஆயினும் ஒருநாள் பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், இவங்கள்ல ஒருத்தராவது லயத்துல பொறந்தவங்களா?" என்று கேட்டாள்.

நாம் விடையற்று நின்றோம். அடுத்த விடுமுறையில் அலைந்து, சாரல்நாடன் எழுதிய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' நூலின் நிழற்பிரதி ஒன்றைத் தேடிப் பெற்றோம்.

உண்மையைச் சொன்னால், நடேசய்யரும் லயத்தில் பிறந்தவரல்லர். தஞ்சையிலிருந்து வந்த பிராமணர். தொழிற்சங்கம் பேசுவோர் தோட்ட எல்லையை மிதித்தாலே அத்துமீறல் வழக்குப் பாய்ந்த காலம் அது. அவரோ புடவை வியாபாரியாக வேடம் பூண்டு, மூட்டையைச் சுமந்துகொண்டு லயங்களுக்குள் நுழைந்தார் என்பர். 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்டார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாளோ தொழிலாளர் துயரைப் பாட்டாக்கி, கூட்டங்களில் தாமே பாடினார். அப்பாட்டுகளைச் சிறு நூலாக அச்சிட்டும் பரப்பினார்.

நம் வகுப்பைப் பெரிதும் உலுக்கியது வேறொரு பகுதி. கொழும்புத் தொழிலாளரின் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவும் நடேசய்யரும் ஒருகாலத்தில் தோளோடு தோள் நின்றவர்கள். பின்னர் குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பவே, இருவரும் பிரிந்தனர். பாட்டாளிகளை ஒன்றுசேர்க்க வந்தவர்களையே இனம் பிளந்தது! சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த எங்கள் சப்பிரகமுவத் தோட்டங்களில் இது பழங்கதையன்று. பிள்ளைகள் நாள்தோறும் அவ்வூர்களைக் கடந்தே பாடசாலைக்கு வருகிறார்கள். மாலை சூட்டி முடித்துவிடும் வரலாற்று நூல்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். அவற்றில் தலைவர்கள் பிறக்கும்போதே பெரியவர்களாயிருப்பர். யாரோடும் முரண்படார், தோற்கவும் மாட்டார். அத்தகைய நூலைக் கொண்டு வகுப்பில் ஒரு வாதம்கூட எழுப்ப முடியாது.

நடேசய்யர் 1947 நவம்பரில் மறைந்தார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அவர் யாருக்காகப் பேசினாரோ அம்மக்கள் நாடற்றவராயினர். அவரது பெயரும் மங்கிற்று. அதனை மீட்டெடுத்தவர் பேராசிரியர் அல்லர். மலையகத்திலேயே பிறந்து தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்த சாரல்நாடன். நூல் வெளிவந்த 1988ஆம் ஆண்டிலேதான், எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமும் நிறைவேறிற்று.

"லயத்துல பொறந்தவங்களா?" என்ற வினாவுக்கு, "எழுதியவர் தோட்டத்துப் பிள்ளை, அம்மா" என்று பாதி விடையேனும் சொல்ல முடிந்ததில் நமக்குச் சிறு நிம்மதி. அவள் நிழற்பிரதியை வாங்கிச் சென்று இரு வாரம் வைத்திருந்தாள். திரும்பி வந்தபோது, புடவை மூட்டை வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'அன்னைக்கு இவருக்குக் கதவு திறந்துவிட்டது யாரு?'

இப்போது ஞாயிறுதோறும் ஓர் அப்பியாசக் கொப்பியோடு லயத்து முதியவர்களிடம் போய் உட்கார்ந்துகொள்கிறாளாம்.