பத்து லட்சம், ஐந்து லட்சம், என் கணக்கு

விமான விபத்துச் செய்தி என்றால் எனக்கு ஒரு பித்து. எங்கே விழுந்தாலும் என்ன ரகம், எந்த ஓடுபாதை, காற்று எந்தப் பக்கம் என்று தேடித் தேடிப் படிப்பேன். அதை அக்கறை என்றே நினைத்திருந்தேன். 2020 ஆகஸ்டில் அந்த நினைப்பு போயிற்று.

ஆகஸ்ட் 7 இரவு ஏழே முக்கால் வாக்கில், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கேரளத்தின் கரிப்பூர் விமான நிலையத்தில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. வளைகுடாவில் ஆள் உள்ள மலபார்க் குடும்பங்களுக்கு அந்த விமானங்கள் ஊர் பஸ் மாதிரி. உள்ளே இருந்தது 190 பேர். இறந்தது 21 பேர். கொரோனாவையும் மழையையும் பாராமல் கொண்டோட்டி மக்கள் ஓடிப்போய்ப் பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள். நான் டிவி முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முந்தின இரவே பெட்டிமுடி புதைந்திருந்தது. காந்தலூரிலிருந்து மூணாறு போகிற வழியில், ஐந்தாம் மைலில் பிரிந்து ராஜமலை தாண்டினால் பெட்டிமுடி. மலை சரிந்து நான்கு லயங்களை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, அடித்துப் போனது. மின்சாரம் இல்லை, போன் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. பெரியவாரைத் தற்காலிகப் பாலமும் போயிருந்ததால் மீட்புப் படை போய்ச் சேரவே நேரமானது. 70 பேர். 66 உடல்கள் கிடைத்தன, நான்கு கிடைக்கவே இல்லை. தேயிலை எஸ்டேட்டில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு.

அந்தச் செய்தி அன்று பகலிலேயே என் காதுக்கு வந்தது. "எஸ்டேட்ல மண்ணு சரிஞ்சிருச்சாம்" என்றார்கள். "மழைக்காலம்ல" என்று சொல்லிவிட்டு, பூண்டு வயலில் தண்ணீர் தேங்கியதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். எனக்குத் துக்கம் வந்தது ராத்திரி, விமானம் விழுந்த பிறகு.

கரிப்பூரில் இறந்தவர்களுக்குக் கேரள அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். அது முதற்கட்ட உதவிதான் என்று விளக்கமும் வந்தது. "விமானத்துல போனா முழு உயிரு, லயத்துல படுத்தா அரை உயிரா?" என்று டீக்கடையில் சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். அரசாவது பாதி கொடுத்தது. முதல் நாள் நான் கொடுத்தது ஒன்றுமில்லை.

2021 செப்டம்பரில் கரிப்பூர் விசாரணை அறிக்கை வந்ததும் உட்கார்ந்து படித்தேன். 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. பின்காற்று 14 நாட். கேப்டன் பக்கக் கண்ணாடியின் வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை. துணை விமானி மறுபடி மேலே எழுப்பச் சொல்லியும் கேப்டன் எழுப்பவில்லை. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பெட்டிமுடி லயங்களை அந்தச் சரிவுக்குக் கீழே கட்டியது யார், மழை கொட்டியபோது அவர்களை அப்புறப்படுத்த வேண்டிய பொறுப்பு யாருக்கு என்று ஒருநாளும் தேடியதில்லை.

காரணம் எனக்குத் தெரியும். விமானத்தில் நானும் ஒருநாள் ஏறலாம். அந்தச் சாவு எனக்கும் வரக்கூடியது. லயத்தில் நான் படுக்கப் போவதில்லை. சொந்த நிலம் வைத்திருக்கிற நான் எஸ்டேட் கூலிக்காரர்களை ஒரு படி கீழே வைத்தே பார்த்துப் பழகியவன். பேச்சு ஒன்று, மொழி ஒன்று, சாமிகூட ஒன்று. சாவு மட்டும் வேறு என்று நினைத்திருக்கிறேன். வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

கரிப்பூருக்காக அழுதது தப்பில்லை. பெட்டிமுடிக்கு அழாதது தப்பு. கேள்வி கேட்காதது அதைவிடப் பெரிய தப்பு. மழை வருஷா வருஷம் வருகிறது. மலைச்சரிவுகளில் லயங்களும் இருக்கின்றன, ஆட்களும் இருக்கிறார்கள். இடம் சரியா, எச்சரிக்கை போனதா, யார் பொறுப்பு என்று ஒரு விமானம் விழுந்தால் கேட்கிற கேள்விகளை, லயம் விழுவதற்கு முன்னாலேயே கேளுங்கள்.