அத்தை வீட்டு ‘கடல் புறா’

திருவண்ணாமலைக்கு அண்ணாமலையாருக்காகப் போகிறவர்கள் உண்டு, ரமணாசிரமத்துக்காகப் போகிறவர்கள் உண்டு. நான் இந்த முறை போனது ஒரு நாவலுக்காக. பே கோபுரத் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். மாமா சேர்த்து வைத்த புத்தகங்களில் வேண்டியதை எடுத்துக்கொண்டு போ, மிச்சத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடப்போகிறேன் என்று அத்தை போனில் சொல்லிவிட்டார். பௌர்ணமி கழிந்த மறுநாள். கிரிவலம் முடித்தவர்கள் கால் வலியோடு பேருந்து நிலையத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்க, நான் எதிர்த் திசையில் நடந்தேன்.

பரணில் கிடந்தது, அறுபதுகளில் ‘குமுத’த்தில் சாண்டில்யன் எழுதிய ‘கடல் புறா’. வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி ஒட்டி, மாமா பைண்ட் செய்து வைத்திருந்தார். தாள் பழுப்பேறி ஓரம் உதிர்கிறது. ஆனால் லதா வரைந்த ஓவியங்கள் அப்படியே இருக்கின்றன. மஞ்சளழகியும் காஞ்சனாதேவியும் இளையபல்லவனும் பழைய மைக் கறுப்பில் நிற்கிறார்கள். அத்தியாயம் முடியும் பக்கத்தின் பின்புறம் துணுக்கும் விளம்பரமும். ஒவ்வொரு அத்தியாயமும் ஏன் அவ்வளவு பதற்றத்தில் அறுபடுகிறது என்பது இந்தப் பக்கங்களைப் புரட்டினால்தான் முழுசாகப் புரியும். அங்கே நிறுத்திவிட்டு ஏழு நாள் காத்திருந்தார்கள் மனிதர்கள். மூன்று பாகங்களாக வந்த புத்தகத்தில் கதை இருக்கிறது; அந்த ஏழு நாள் இல்லை.

“உங்க மாமா முடிக்கிற வரைக்கும் யார் கையிலயும் குடுக்க மாட்டார். நான் அடுப்புல உலை வச்சுட்டு நின்னுக்கிட்டே படிப்பேன் கண்ணு. அப்புறம் எதிர்வீடு, அதுக்கப்புறம் கடைசி வீடு. திரும்பி வரும்போது பக்கம் கசங்கியிருந்தா அன்னைக்கு வீட்டுல சண்டைதான்” என்றார் அத்தை. எட்டாவது வரை படித்தவர். கலிங்கத்துப் பாலூர் துறைமுகத்தையும், கடலுக்கு அப்பாலிருந்த ஸ்ரீவிஜயத்தையும் பற்றி அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கதைநாயகன் இளையபல்லவனான கருணாகரத் தொண்டைமானைக் ‘கலிங்கத்துப்பரணி’ வழியாக அறிந்தவர்கள் கொஞ்சம் பேர். அத்தையைப் போல சாண்டில்யன் வழியாக அறிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். சோழர்களுக்குக் கப்பல் படை இருந்தது என்பதைச் சாதாரண வீடுகளின் சமையலறை வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் சாண்டில்யன் முக்கியமானவர். அவருடைய வர்ணனைகள் நீளம், சிருங்காரம் அதிகம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு வழக்கில்லை; அது உண்மைதான். ஆனால் ஒரு தலைமுறைக்கு வாசிக்கும் வெறியை ஊட்டியவரை அந்த ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போவது நியாயமில்லை.

சாண்டில்யன் பிறந்த ஊர் திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் திருக்கோவிலூர். 1910 நவம்பர் 10. இயற்பெயர் பாஷ்யம், பூர்வீகம் மாயவரத்துக்குப் பக்கத்துத் திருஇந்தளூர். ‘சுதேசமித்திர’னில் நிருபராக வேலை பார்த்தவர். சென்னையில் கல்கியின் அண்டை வீட்டுக்காரராக இருந்ததும் சிறுகதைப் பக்கம் அவரைத் தள்ளியது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அந்த ஊருக்கு ஒரு தடவை போனதில்லை. மறுநாள் காலை பைண்ட் புத்தகத்தைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தென்பெண்ணையாற்றங்கரையில், ஆற்றோரத்துப் பெரும்பாறை மேல் ஒரு சின்னக் கோயில். கபிலர் குன்று. வள்ளல் பாரி இறந்தபின் அவன் மகளிருக்கு வாழ்வு தேடித் தந்துவிட்டுக் கபிலர் உயிர் விட்ட இடம் என்கிறார்கள். இது வெறும் ஊர்ப்பேச்சு இல்லை. ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, இதே ஊர் வீரட்டானேசுவரர் கோயிலில், மலையமான் குலத்தில் பிறந்த ராஜராஜனின் தாய் வானவன் மாதேவியைப் புகழும்போது கபிலரின் முடிவையும் சேர்த்துச் சொல்கிறது. சங்கப் புலவர் ஒருவரின் நினைவை எத்தனையோ நூற்றாண்டு கழித்தும் கல்லில் பொறித்து வைத்த ஊர் இது. உலகளந்த பெருமாள் கோயிலும் இங்கேதான். மழை இரவில், ஓர் இடைகழியில் முதலாழ்வார் மூவர் நெருக்கியடித்து நின்றதும், அந்த நெருக்கத்தில் மூன்று திருவந்தாதிகள் பிறந்ததும் இந்த ஊரின் கதை. தாயார் பூங்கோவல் நாச்சியார். சாண்டில்யனின் அம்மா பெயர் பூங்கோவில்வல்லி. சந்நிதியில் நின்றபோது அந்தப் பெயர்ப் பொருத்தம் என்னை ஏதோ செய்தது.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் சாண்டில்யனைப் பற்றி விசாரித்தேன். பெயரைச் சொன்னதும் வயதானவர்கள் முகத்தில் வெளிச்சம். ‘யவன ராணி’ என்றார் ஒருவர். ‘மன்னன் மகள்’ என்றார் பூக்கடையில் இருந்த அம்மா. சாண்டில்யன் இந்த ஊரில் பிறந்தவர் என்று சொன்னபோது இரண்டு பேரும் நம்பவில்லை. நான் நடந்த தெருக்களில் அவர் பெயர் எழுதிய பலகை எதுவும் கண்ணில் படவில்லை.

அண்டை வீட்டுக்காரரான கல்கியின் கதை வேறு. அவர் 1954-இல் மறைந்தார். 1999-இல் அவர் எழுத்துகள் நாட்டுடைமையாயின. ‘பொன்னியின் செல்வ’னைப் பல பதிப்பகங்கள் போட்டன, 2022-லும் 2023-லும் படமாக வந்து பள்ளிப் பிள்ளைகள் வரை போய்ச் சேர்ந்தது. சாண்டில்யனுக்கு அந்த இரண்டாவது வாழ்வு இன்னும் வாய்க்கவில்லை. 1987 மார்ச் 11-இல் காலமானவர். சட்டப்படி 2047 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. அதில் எனக்குக் குறையில்லை, வானதி பதிப்பகம் புத்தகங்களை அச்சில் வைத்திருக்கிறது. என் கவலை தொடர்கதையாக வந்த பக்கங்களைப் பற்றியது. அந்த ஓவியங்களும் அந்த அத்தியாய அமைப்பும் அத்தை வீட்டுப் பரண் போன்ற இடங்களில்தான் இருக்கின்றன. வீடு இடிகிறபோது அவையும் கிலோக் கணக்கில் போய்விடுகின்றன.

திருக்கோவிலூரில் அவர் பெயரில் ஒரு படிப்பறை வேண்டும். நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கினால்கூடப் போதும், நவம்பர் 10 அன்று பிள்ளைகளை உட்காரவைத்து ஓர் அத்தியாயம் உரக்க வாசித்தால் போதும். உங்கள் வீட்டிலும் பாட்டியோ மாமாவோ பைண்ட் செய்த தொடர்கதை இருக்கலாம். எடைக்குப் போடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, பழைய தமிழ் அச்சுப் பிரதிகளைக் காப்பதற்கென்றே. போடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.