ஓராக்காவில் நான் நிறுத்திய இடம்

சென்ற தவணையில் ஒருநாள், விடுமுறையிலிருந்த ஆசிரியர் ஒருவரின் பாடவேளையை நிரப்பும் பொருட்டுப் பத்தாந் தர வகுப்பொன்றுக்குச் சென்றிருந்தேன். கதை சொல்லுமாறு மாணவர் கேட்டனர். நியூசிலாந்தின் ஓராக்காவ் முற்றுகையைச் சொன்னேன். சொன்ன விதம் இதுதான்.

1864ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி விடியற்காலையில், பிரிகேடியர் கேரியின் தலைமையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரித்தானியத் துருப்புகள், மாவோரி மக்கள் அவசரமாக எழுப்பியிருந்த ஓர் அரணை வளைத்துக்கொண்டன. 'பா' என அவர்கள் அழைக்கும் அவ்வரண், பீச் மரங்களுக்கிடையே தாழ்ந்த மண்சுவரும் அகழியும் வேலியுமாய் அமைந்தது. உள்ளே ஏறத்தாழ 300 பேர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். கிணறோ ஊற்றோ உள்ளே இல்லை. அங்கே நின்று போரிடுவதைத் தலைவர் ரேவி மானியாபோட்டோ விரும்பவில்லை. துணைவந்த பிற குலத்தாரின் வற்புறுத்தலுக்கே இணங்கினார். பாய்ந்துவந்த படையை அவர்கள் மீண்டும் மீண்டும் பின்னடையச் செய்தனர். பின்னர்ப் படையினர் பள்ளம் வெட்டிக்கொண்டே அரணை நெருங்கினர். தண்ணீர் தீர்ந்தது. ஈயக் குண்டுகளும் தீரவே, பீச் விதைகளையும் மரத்துண்டுகளையும் துப்பாக்கியில் இட்டுச் சுட்டனர். மூன்றாம் நாள் சரணடையுமாறு கேட்டபோது, என்றென்றும் போரிடுவோம் என்ற மறுமொழி வந்தது. பெண்களையும் பிள்ளைகளையுமாவது வெளியே அனுப்புங்கள் என்றதற்கு, ஆண்கள் இறந்தால் நாங்களும் இறப்போம் என்றார் ஆஹுமாய் தே பாயெராட்டா என்னும் பெண்.

இங்கே குரலை உயர்த்தி நிறுத்தினேன். புறநானூறு படித்தவனுக்கு எங்கே நிறுத்துவதென்று சொல்லித்தர வேண்டுமா? வகுப்பு கைதட்டியது. பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து, "சேர், பிறகு அந்தக் காணியெல்லாம் ஆருக்குப் போச்சுது?" என்று கேட்டாள்.

அன்று என்னிடம் விடையில்லை. மாலையில் நூலகத்தை நாடினேன்.

கதை நான் நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை. ஏப்ரல் 2ஆந் திகதி பிற்பகல் அவர்கள் ஒரே கூட்டமாக வெளியேறி, படைவரிசையை ஊடறுத்து, சதுப்பு நிலத்தின் வழியே பூனியு ஆற்றை நோக்கி ஓடினர். குதிரைப்படை துரத்தியது. மாண்ட ஏறத்தாழ 150 பேரிற் பெரும்பாலோர் இவ்வோட்டத்திலேயே கொல்லப்பட்டனர், பெண்களும் தப்பவில்லை. ஆஹுமாய் தந்தையை இழந்தார். பல குண்டுக் காயங்களுடன் உயிர் பிழைத்தார். கைதட்டலுக்கு உகந்த பகுதி அன்று இது.

போர் மூண்டதும் வீரத்தைச் சோதிப்பதற்காக அன்று. ஒக்லாந்துக்குத் தெற்கேயுள்ள வைக்காட்டோவின் வளமான நிலத்தின்மீது குடியேறிகள் கண்வைத்தனர். நிலவிற்பனையைத் தடுக்க விரும்பிய குலங்கள் 1858இல் தமக்கோர் அரசனைத் தேர்ந்தன. 1863 ஜூலையில் ஆளுநர் கிரே படையை ஏவினார். 'கிளர்ச்சி' செய்தோரின் நிலத்தைப் பறிமுதல் செய்ய அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றினர். போர் முடியுமுன்பே பங்கீட்டுக்கு வழி செய்தாயிற்று! வைக்காட்டோவில் மட்டும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் பறிபோனது. ஆயுதம் எடாதோரின் நிலமும் அதில் அடக்கம். நமது தீவின் பெயரும் இவ்வரலாற்றின் ஓரத்தில் உண்டு: இலங்கையில் நிலைகொண்டிருந்த 50ஆம் படையணி 1863இல் அங்கு அனுப்பப்பட்டது, ஓராக்காவுக்குச் சில வாரங்கள் முன்னர் ஹைரினியில் அது போரிட்டது.

வென்றவர்கள் அந்த மறுமொழியை வாயார மெச்சினர். 1914இல் போர்க்களத்திலேயே ஐம்பதாம் ஆண்டு விழா எடுத்தனர். பின்னர்த் திரைப்படமும் எடுத்தனர். மெச்சுவதற்கு ஓர் ஏக்கரும் செலவில்லை. 1995இல்தான் அரசு மன்னிப்புக் கோரி, 17 கோடி டொலர் பெறுமதியான ஈட்டுக்கு வைக்காட்டோ மக்களுடன் உடன்பட்டது. ஓட்டோரோஹாங்கா கல்லூரி மாணவர் 2014இல் இக்களங்களுக்குச் சென்று முதியோர் சொல்லக் கேட்டனர். இது தமக்கு ஏன் கற்பிக்கப்படவில்லை என வினவினர். அடுத்த ஆண்டு பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் பாராளுமன்றத்துக்கு மனுக்கொடுத்தனர். நினைவுநாள் ஒன்று அமைந்தது. 2023இல் நாட்டின் வரலாறு பாடசாலைகளிற் கட்டாய பாடமுமாயிற்று.

அடுத்த வாரம் அவ்வகுப்பாசிரியரிடம் ஒரு பாடவேளையை இரந்து பெற்றேன். கரும்பலகையில் 12 இலட்சம் ஏக்கர் என்று எழுதினேன். அதன் பிறகே பீச் விதைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.