கையெழுத்து வேண்டாத கதவு

நோர்வேயில் பதின்மூன்று வயதுப் பிள்ளையொன்று பள்ளிக்கூடத் தாதியைப் போய்ப் பார்க்க அப்பாவின் கையெழுத்தும் வேண்டாம், வகுப்பாசிரியரின் துண்டும் வேண்டாம். இடைவேளையில் போய்க் கதவைத் தட்டினால் சரி. காசும் இல்லை. ஒவ்வொரு கொம்யூனும், அதாவது உள்ளூராட்சி மன்றமும், இந்தச் சேவையை நடத்தியே ஆகவேண்டும் என்பது சட்டம். பிள்ளைகளுக்கு இது சாதாரண விஷயம். எங்கட ஆட்களில் கனபேருக்கு வயிற்றைக் கலக்கும் விஷயம்.

நான் பாடசாலைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் மொழிபெயர்க்கப் போகிறவள். இரகசியக் காப்பு என்னையும் கட்டும் என்பதால், இங்கே வருகிற ஆட்களின் ஊர், தொழில், குடும்பம் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

இங்கே எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உங்டம்ஸ்கூல. எட்டில் தாதி பிள்ளைகளைக் கூப்பிட்டு நித்திரை, சாப்பாடு, கூட்டாளிகள், வீட்டு நிலைமை என்று பேசுவார். அதே எட்டாம் வகுப்பில்தான் புள்ளியும் தொடங்குகிறது. ஏழு வரைக்கும் புள்ளி என்ற பேச்சே இல்லை. அதனால் ஏழு வருஷம் பொறுமையாக இருந்த தமிழ்ப் பெற்றோருக்கு, 1 முதல் 6 வரையான அந்த எண்கள் கையில் வந்ததும் உயிர் வந்துவிடும். 5 எடுத்த பிள்ளையிடம், மற்ற 1 எங்கே போனது என்று கேட்பார்கள். ரியூசன் தொடங்கும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, பரதம், மிருதங்கம் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். பிறகு ஒருநாள் பிள்ளைக்குத் தலையிடி, அடுத்த கிழமை வயிற்றுக்குத்து. தாதியின் அறைக்கு வருகிற நோய்களில் இவை இரண்டும் பழைய ஆட்கள்.

அந்த அறைகளைக் கன பள்ளிக்கூடங்களில் பார்த்துவிட்டேன். உயரம் பார்க்கும் கோல், நிறுவை, கண் பார்க்கும் எழுத்துப் பலகை, இரண்டு மெத்தைக் கதிரை, கை எட்டும் தூரத்தில் ரிஷ்யூப் பெட்டி. அம்மா ஒரு கதிரையின் விளிம்பில், ஜக்கற்றைக் கழற்றாமல் இருப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“என்ர பிள்ளை உங்களிட்ட என்ன சொன்னவள்?”

“அதை அவளே உங்களுக்குச் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்.”

பதில் தாதியுடையது. ஆனால் மொழிபெயர்ப்பவர் தன்மையில்தான் பேசவேண்டும். தாதி ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். அம்மா தாதியைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்ப்பார். நோர்வேக்காரி சொன்னால் அது சட்டம். தமிழச்சியின் வாயால் வந்தால் அது திமிர்.

சட்டம் ஒன்றும் பெற்றோரைத் தூக்கி எறிந்துவிடவில்லை. மருத்துவ விஷயங்களில் 16 வயதில் பிள்ளை தன் முடிவைத் தானே எடுக்கலாம். 12க்கும் 16க்கும் இடையில், மதிக்கத்தக்க காரணம் காட்டி வீட்டுக்குச் சொல்லவேண்டாம் என்று பிள்ளை கேட்டால் தாதி காப்பாற்றுவார். ஆனால் பெற்றோர் தங்கள் பொறுப்பைச் செய்வதற்கு அவசியமான தகவலை மறைக்க முடியாது. இந்த எல்லையைத் தெளிவாக விளக்கும் தாதிகளும் உண்டு, ‘இரகசியம்’ என்ற சொல்லோடு நிறுத்திவிட்டு அம்மாவை இரவெல்லாம் நித்திரையில்லாமல் விடுகிறவர்களும் உண்டு.

என் கட்சியை ஒளிக்கவில்லை. அந்தக் கதவு பெற்றோருக்கும் நல்லதுதான். வீட்டில் வாய் திறக்காத பிள்ளை வேறெங்காவது திறக்கத்தான் போகிறது. அந்த இடம் கைத்தொலைபேசிக்குள் இருக்கும் முகம் தெரியாத ஒருவராக இருப்பதைவிட, படித்துப் பொறுப்பேற்ற ஒரு தாதியாக இருக்கட்டும்.

முன்னெல்லாம் இந்த அறைகளில் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். தன் துக்கத்தைத் தானே அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்; பாதியை விழுங்கிவிட்டு, ‘ஒண்டுமில்லையாம்’ என்று முடித்துவிடும். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்புச் சட்டம், அவசர நிலைமை போன்ற சில விலக்குகளைத் தவிர, பிள்ளைகளை அந்த வேலைக்குப் பிடிப்பதைத் தடுக்கிறது. ஆனால் வளர்ந்தவர் வந்தால் வேறொரு பயம். சந்திப்பு முடிந்து படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “தங்கச்சி, இது கோயிலடிக்குப் போகாதே?” என்று கேட்காதவர் குறைவு. கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒஸ்லோவில் தேர்த் திருவிழாவுக்குப் போனால் பாதிப்பேருக்கு மற்றப் பாதியைத் தெரியும். வேறு ஊரிலிருந்து தொலைபேசியில் மொழிபெயர்ப்பவரைக் கேளுங்கள் என்று நானே சொல்லிக் கொடுப்பேன். எனக்கு ஒரு மணித்தியாலச் சம்பளம் போகும், போகட்டும்.

எல்லாப் பயத்துக்கும் அடியில் இருப்பது பார்னவேர்ன், சிறுவர் பாதுகாப்புத் திணைக்களம். தாதியிடம் போனால் பார்னவேர்ன் வரும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் என்பது எங்கள் வட்டத்தின் வேதவாக்கு. 2023இல் இதைப் பற்றி ராணி முகர்ஜி நடித்த இந்திப் படம் வந்தபோது வாட்ஸப் முழுக்க அதுதான். இந்தப் பயத்தை வெறும் வதந்தி என்று தட்டிவிடவும் முடியாது. பார்னவேர்ன் தொடர்பான ஸ்ட்ரான்ட் லொபென் வழக்கில் 2019 செப்டெம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நோர்வே குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியது என்றே தீர்ப்புச் சொன்னது. அடி உதை, கடுமையான புறக்கணிப்பு என்று சந்தேகம் வந்தால் தாதியும் ஆசிரியரும் அறிவித்தே ஆகவேண்டும். அதில் இரகசியக் காப்பு நிற்காது. ஆனால் வயிற்றுக்குத்துக்கு யாரும் பார்னவேர்னைக் கூப்பிடுவதில்லை. அங்கே போகும் குடும்பங்களிலும் பெரும்பாலானவற்றுக்குக் கிடைப்பது வீட்டோடு வரும் ஆலோசனையும் உதவியும்தான்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இந்த ஏற்பாடு முழுவதும், பிள்ளை தன் மனதைத் தானே எடுத்துப் பேசும் என்று நம்பிக் கட்டப்பட்டது. ‘எப்படி இருக்கிறாய்?’ என்று தாதி கேட்பார். ‘ப்ரா’ என்று சொல்லும் எங்கள் பிள்ளை, நல்லாயிருக்கிறேனாம். விருந்தாளிக்கு முன்னால் குறை சொல்லாதே என்று வளர்ந்தது வேறென்ன சொல்லும்? சில பள்ளிக்கூடங்களில் தாதி கிழமையில் சில நாள்தான். பிள்ளைக்கு ஒருவழியாகத் துணிச்சல் வருகிற நாளில் கதவு பூட்டியிருக்கும்.

பெற்றோர் தெரிந்துகொள்ளவேண்டிய சட்டம் இன்னொன்று உண்டு, அதுதான் யாருக்கும் தெரியாது. 2017 ஆகஸ்டில் கல்விச் சட்டத்தில் வந்தது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பாதுகாப்பாகவும் நல்லதாகவும் இருக்கவேண்டும். அப்படி இருக்கிறதா என்பதற்குப் பிள்ளையின் சொந்த அனுபவமே அளவுகோல். இல்லை என்றால் பள்ளிக்கூடம் விசாரித்து, எழுத்தில் திட்டம் போடவேண்டும். அதிபரிடம் சொல்லி ஒரு கிழமை போயும் விஷயம் தீரவில்லை என்றால் மாகாண ஆளுநர் அலுவலகத்துக்கு முறையிடலாம். எங்கள் ஆட்கள் முறையிடுவது அபூர்வம். வாத்தியாரைக் குறை சொல்வதா? ‘நீ காதைப் பொத்திக்கொண்டு படி’ என்பார்கள்.

விதிவிலக்காக ஒருவரைப் பார்த்தேன். ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவர். இங்கே துப்புரவு வேலை. மகனை வகுப்பில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது பற்றிப் பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்தில் அவர் முக்கால் மணித்தியாலம் ஒரு சொல்லும் பேசவில்லை. எல்லோரும் தலையாட்டி எழும்பப் போனபோது, திட்டத்தின் பிரதியைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியிலும் விரல் வைத்து என்னிடம் வாசிக்கச் சொன்னார். பிரச்சினை என்ன, என்ன செய்யப்போகிறார்கள், எப்போது, யார் பொறுப்பு, எப்போது திரும்பப் பார்ப்பார்கள். கடைசிப் பெட்டியில் விரல் நின்றது.

“இதில திகதி இல்லையே?”

திகதி இல்லை என்று, தன்மையில், நானே அதிபருக்குச் சொன்னேன். அதிபர் பேனாவை எடுத்தார்.