ஃபூத்தா மலைச்சாலையில் ஒரு பழைய டுகாட்டி

இத்தாலியின் பொலோனியா விமான நிலையத்திலிருந்து டுகாட்டி தொழிற்சாலைக்குச் சில நிமிடப் பயணம்தான். அந்தப் பகுதியின் பெயர் போர்கோ பனிகாலே. இன்று சிவப்பு நிற மோட்டார் சைக்கிள்களால் உலகமே அறிந்த இந்த நிறுவனம், 1926இல் தொடங்கியபோது வானொலிக்கான உதிரிப்பாகங்களைத்தான் செய்தது. வானொலியின் முன்னோடி மார்க்கோனி பிறந்த ஊர் அல்லவா! விமான நிலையத்துக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

1944 அக்டோபரில் விழுந்த குண்டுகளில் தொழிற்சாலை நாசமானது. போர் முடிந்தபோது மக்கள் கையில் காசு இல்லை; வேலைக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டும். சைக்கிளில் பொருத்தி ஓட்டக்கூடிய 48 சிசி எஞ்சின் ஒன்றை டுகாட்டி செய்து விற்றது. அதன் பெயர் ‘குச்சியோலோ’. நாய்க்குட்டி என்று பொருள். தொழிற்சாலைக்கு உள்ளேயே இருக்கும் அருங்காட்சியகத்தில் அந்தக் குட்டி எஞ்சினைப் பார்த்தேன். நம் ஊர் கப்சாய்கூட அதன் பக்கத்தில் பெரிய வண்டியாகத் தெரியும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பந்தய வண்டிகளும் அதே கூரையின்கீழ் நிற்கின்றன.

அந்தச் சைக்கிள் எஞ்சினிலிருந்து இந்த வேகத்துக்கு வந்த வழி, இத்தாலியின் பொதுச் சாலைகள்தான். 1953 முதல் 1957 வரை ‘மோட்டோஜீரோ’ என்ற பந்தயம் நாட்டைச் சுற்றிப் பல நாள்கள் நடந்தது. பெரிய எஞ்சின்களுக்கு இடமில்லை. 175 சிசிக்கு மேல் போகக்கூடாது. ஊருக்குள் புகுந்து, சந்தையைக் கடந்து, மலையேறி இறங்கும் பாதை. வாசலில் நிற்கும் சனங்கள் பார்த்துவிட்டு, வென்ற வண்டியை மறுவாரம் கடையில் தேடுவார்கள். பந்தயமே விளம்பரம்.

1954இல் டுகாட்டியில் சேர்ந்த பொறியாளர் ஃபாபியோ தாலியோனி, இந்தப் பந்தயத்தை மனத்தில் வைத்தே 98 சிசி வண்டி ஒன்றை வடிவமைத்தார். செல்லப் பெயர் ‘மரியான்னா’. 1955 மோட்டோஜீரோவில் 100 சிசி பிரிவை அது வென்றது. அவருடைய இன்னொரு கைவண்ணம் ‘டெஸ்மோ’ முறை. சாதாரண எஞ்சினில் வால்வை மூடுவது ஒரு ஸ்பிரிங். எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போது ஸ்பிரிங் பின்தங்கிவிடும். தாலியோனி, திறப்பதற்கு இருப்பது போலவே மூடுவதற்கும் தனி நெம்புகோல் வைத்தார். டுகாட்டி அந்த முறையை இன்றுவரை முழுவதுமாகக் கைவிடவில்லை.

அந்தச் சாலைப் பந்தயங்களின் கதை சோகமாக முடிந்தது. 1957 மே 12ஆம் தேதி, ‘மில்லே மில்யா’ என்ற கார்ப் பந்தயத்தில், குயிடிசோலோ ஊருக்கு அருகே ஒரு ஃபெராரியின் டயர் வெடித்தது. ஓட்டியவரும் உடன் சென்றவரும் மட்டும் சாகவில்லை. சாலையோரம் வேடிக்கை பார்க்க வந்த ஒன்பது பேரும் போனார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். அதன்பின் ஊருக்கு ஊர் ஓடும் அந்த நெடுந்தூரப் பந்தயங்களை இத்தாலி நிறுத்தியது. மோட்டோஜீரோவும் அதோடு நின்றது. வேகத்துக்கான இடம் மெல்ல மெல்ல வேலியிட்ட தடங்களுக்கு மாறியது.

அப்படி ஒரு தடம்தான் இமோலா. பொலோனியாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஃபார்முலா 1 ரசிகர்களுக்கு, 1994இல் அயர்டன் சென்னா உயிரிழந்த இடம். தடத்தை ஒட்டிய பூங்காவில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அவருடைய சிலைக்கு இன்றும் பூ வைக்கிறார்கள். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு இமோலா என்றால் 1972 ஏப்ரல் 23. அன்று நடந்த 200 மைல் பந்தயத்தில் ஹோண்டா, டிரயம்ப், நார்ட்டன் எல்லாம் களத்தில் இருந்தன. எம்வி அகுஸ்தாவில் உலக வீரர் ஜியாகோமோ அகோஸ்தினியும் இருந்தார். தாலியோனியின் 750 சிசி டுகாட்டிகள் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தன. முதலாவதாக வந்தவர் ஆங்கிலேயர் பால் ஸ்மார்ட். அவர் வெளிநாட்டில் இருந்தபோது, டுகாட்டியில் ஓட்ட அவருக்காகச் சம்மதம் சொன்னவர் மனைவி மேகி. பெரிய வண்டி உலகில் டுகாட்டிக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த ஒரு நாள்தான்.

அந்த 750 குடும்பத்து வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒரு நாளை ஒதுக்கியிருந்தேன். பழைய வண்டிகளில் பயணம் ஏற்பாடு செய்யும் உள்ளூர்க்காரர் ஒருவர், 1970களின் 750 ஜிடி ஒன்றைக் கொடுத்து, தம் வண்டியில் முன்னால் சென்று வழிகாட்டினார். இதில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். நம் பழக்கத்துக்கு நேர் எதிர். முன்னால் ஒரே ஒரு டிஸ்க், பின்னால் டிரம். ஏபிஎஸ் கிடையாது. கார்புரேட்டரில் பெட்ரோலை வரவழைத்து, முழு எடையையும் வைத்துக் காலால் உதைத்தால்தான் உயிர் வரும். வந்துவிட்டால், அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் விழும்.

பொலோனியாவிலிருந்து தெற்கே ஃபிளாரன்ஸ் நோக்கி மலையேறும் பழைய 65ஆம் எண் சாலையில் போனோம். லோயானோ, மொங்கிதோரோ என்று சின்னச் சின்ன ஊர்கள். கஷ்கொட்டை மரங்கள், வளைவுக்கு மேல் வளைவு. 968 மீட்டர் உயரத்தில் ராத்திகோசா கணவாய். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள உணவகத்தின் முன் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கும். அதைத் தாண்டினால் ஃபூத்தா கணவாய். மில்லே மில்யா கார்கள் பறந்த பாதை இதுவே. ஃபூத்தாவின் உச்சியில், போரில் இறந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானிய வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் காற்றின் ஓசை மட்டும்தான்.

இந்தப் பாதையில் பழைய டுகாட்டியை முறுக்கி ஓட்ட மனம் வரவில்லை. வரவும் கூடாது. அது கற்றுத் தருவது வேறு பாடம். பிரேக் சற்றுத் தாமதமாகத்தான் பிடிக்கும். ஆகவே வளைவு வருமுன்பே வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். புது வண்டியின் மின்னணு சாதனங்கள் நமக்காகச் செய்யும் கணக்கை இங்கே நாமே போடுகிறோம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கணக்கே போதுமான இன்பம்.

மோட்டோஜீரோ 2001இல் மறுபடி உயிர்பெற்றது, ஆனால் வேறு வடிவத்தில். 1957 வரையிலான 175 சிசி வண்டிகள் மறுபடியும் இத்தாலியச் சாலைகளில் பல நாள்கள் ஓடுகின்றன. இப்போது முதலில் வருபவர் வெல்வதில்லை. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்தில் கடப்பவரே வெல்வார். முந்தினாலும் புள்ளி போகும், பிந்தினாலும் போகும். பந்தயம் என்ற ஆசையைக் கொல்லாமல், அதிலிருந்து ஆபத்தை மட்டும் கழற்றி வைத்த ஏற்பாடு இது.

சாலை எத்தனை பொல்லாதது என்பதைப் பெரிய வீரர்களின் முடிவே சொல்கிறது. மைக் ஹெய்ல்வுட் 1978இல், 38 வயதில், பதினோரு ஆண்டு இடைவெளிக்குப் பின் ஐல் ஆஃப் மேன் தீவுக்கு வந்து டுகாட்டியில் வென்றார். மூன்றே ஆண்டில், பிள்ளைகளோடு இரவு உணவு வாங்கக் காரில் போனவர் லாரி மோதி, மகளோடு சேர்ந்து உயிரிழந்தார். இமோலாவை வென்ற பால் ஸ்மார்ட், 2021இல், 78 வயதில், சாதாரணச் சாலையில் மோட்டார் சைக்கிளில் போனபோது விபத்தில் இறந்தார். பந்தயத் தடம் விட்டுவைத்தவர்களைச் சாலை விட்டுவைக்கவில்லை.

நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நள்ளிரவுத் தொலைபேசி அழைப்பு என்றால் என்னவென்று தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ‘மோட்டாரே வேண்டாம்’ என்று பிள்ளைகளிடம் சொல்வதால் பயனில்லை. அந்த ஆசை பொய்யானதல்ல. வேகத்துக்குச் செப்பாங் போன்ற தடம் இருக்கிறது. சாலைக்கு அந்த மோட்டோஜீரோ கணக்கு இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கலாம். உலு யாம் வளைவுகளுக்கும் ஃபூத்தா வளைவுகளுக்கும் அதே கணக்குதான். ஒன்பது உயிர்களைக் கொடுத்து இத்தாலி கற்ற பாடத்தை நாம் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

போக விரும்புவோருக்கு: மலைச்சாலைக்கு மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம்; குளிர்காலத்தில் கணவாயில் பனி விழும். அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. 250 சிசி வரைக்குமான பி2 உரிமம் பெரிய வண்டிகளுக்குச் செல்லாது. முழு பி உரிமமும், அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் விபத்துக்கும் பொருந்தும் பயணக் காப்புறுதியா என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.