க்யூவில் நிற்கவைத்தவர்களுக்கு

திருச்சி என்.ஐ.டி.யில் 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் சார்களுக்கும் மேடம்களுக்கும்,

நான் திருவண்ணாமலைக்காரி. கிரிவலம் போகிற ஊர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் இருக்கிற திருவண்ணாமலை. எங்கே போனாலும் இதைச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

என் ஆராய்ச்சி மழையைப் பற்றியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்ததே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், அந்த மழையை டபிள்யூ.ஆர்.எஃப். என்ற வானிலை மாதிரியில் மறுபடி பெய்ய வைத்துப் பார்க்க வேண்டும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்கிற மலையில் ஈரக்காற்று மோதி ஏறுவதுதான் எனக்கு முக்கியம். 9 கிலோமீட்டர் கட்டத்தில் அந்த மலை மழுங்கி வெறும் மேடாகிவிடுகிறது. 3 கிலோமீட்டருக்குச் சுருக்கினால் மலை மலையாகத் தெரியும், ஆனால் கட்டங்கள் ஒன்பது மடங்கு ஆகும். கணக்கு நிலைகுலையாமல் இருக்க ஒவ்வொரு காலஅடியையும் மூன்றில் ஒன்றாக்க வேண்டும். ஆக மொத்தம் வேலை 27 மடங்கு. என் லேப்டாப் கையை விரித்துவிட்டது.

அப்படித்தான் உங்களிடம் வந்தேன். சூப்பர் கம்ப்யூட்டர் என்றால் பிரமாண்டமான ஒற்றைப் பெட்டி என்று வீட்டில் இன்னமும் நம்புகிறார்கள். வேகமான வலையால் கோத்த ஏராளமான சர்வர்கள்தான் அது, சூட்டைத் தணிக்க சிப்பின் மேலேயே குழாய் வழியாகத் திரவம் ஓடுகிறது என்று சொன்னால் அப்பாவுக்கு ஏமாற்றம். 2022 மே மாதம் தொடங்கிவைத்தபோது எல்லாரும் சொன்னது 838 டெராஃபிளாப்ஸ் என்ற எண்ணைத்தான். நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. பெரிய விஷயம்தான். 1980-களில் அமெரிக்கா இந்தியாவுக்குக் கிரே சூப்பர் கம்ப்யூட்டர் தர இழுத்தடித்ததும், 1988-இல் சி-டாக் என்ற அரசு கணினி ஆய்வு நிறுவனம் பிறந்ததும், 1991-இல் அதன் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டர் வந்ததும் தெரிந்தவர்களுக்கு அந்த எண் இனிக்கும். ஆனால் புதிதாக வருகிறவளுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? கறுப்புத் திரையில் ஒரு கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அங்கிருந்து என்னை நகர்த்தியவை உங்கள் மெயில்கள்.

லாகின் நோட் எல்லாரும் நுழைகிற வாசல், அங்கே ஃபைலைத் திருத்தலாம், ஸ்கிரிப்ட் எழுதலாம், ஓட்ட வேண்டிய வேலையை 'ஜாப்' ஆக வரிசையில் போடலாம், மாதிரியை ஓட்டக் கூடாது என்று முதல் மெயிலிலேயே காரணத்தோடு எழுதினீர்கள். கம்பைலரையும் நெட்சிடிஎஃப் நூலகத்தையும் 'மாட்யூல் லோட்' கட்டளையால் எடுத்துக்கொள்ளலாம், எதையும் நாமே நிறுவி அல்லாட வேண்டாம் என்று அடுத்தது. நேர வரம்பு என்ன போடுவது என்று கேட்டதற்கு வந்த பதிலைத்தான் மறக்கவே முடியாது: "முதலில் ஒரு மணி நேர மழையை மட்டும் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு ஆகிறதோ அதை வைத்துக் கணக்குப் போட்டு, கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள்."

ஏன் அப்படி என்பது பிறகுதான் விளங்கியது. ஒரு பெரிய ஜாப் தனக்கு வேண்டிய நோடுகள், அதாவது சர்வர்கள், எல்லாம் காலியாகட்டும் என்று காத்திருக்கும். அதுவரை சில நோடுகள் சும்மா கிடக்கும். பெரியது கிளம்புவதற்குள் முடிந்துவிடும் சின்ன ஜாப் ஏதாவது இருந்தால், வரிசையைக் கவனிக்கும் ஸ்லர்ம் மென்பொருள் அதை அந்த இடைவெளியில் உள்ளே விட்டுவிடும். இரண்டு மணி நேர வேலைக்கு நாலு நாள் கேட்டவருக்கு அந்த இடம் கிடைக்காது. அதோடு, சமீபத்தில் அதிகம் ஓட்டியவரின் முன்னுரிமை இறங்கும், புதிதாக வந்தவரின் முன்னுரிமை ஏறும். புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் மலைப்படியில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், போன வாரம் வந்தவரைப் பின்னுக்கு அனுப்பிவிட்டு முதல்முறை வந்தவரை முன்னால் விடுகிற வரிசையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

லீவுக்கு ஊருக்கு வந்தால் மொபைல் டேட்டாதான். மலையடிவாரத்தில் சிக்னல் வரும், போகும். 'எஸ்கியூ' அடித்துப் பார்ப்பேன், பி.டி. என்றால் காத்திருக்கிறது, ஆர் என்றால் ஓடுகிறது. பாதியில் இணைப்பு அறுந்தாலும் ஜாப் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. கரண்ட் போனதும், "உன் மழை நின்னு போச்சா?" என்று அடுப்படியிலிருந்து கேட்கிறாள்.

உங்களில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகூட பதில் போட்டவர் யார் என்றும் தெரியாது. எல்லாருக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நீங்கள் எனக்கு எழுதிய பதில்களை வைத்து, அடுத்து வரும் ஜூனியர்களுக்காகத் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதிவருகிறேன். லாகின், மாட்யூல், ஸ்கிரிப்ட் வரை முடித்தாயிற்று. ஸ்கிராட்ச் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் கிடக்கும் ஃபைல்களை எப்போது, எங்கே எடுத்துவைப்பது என்ற பகுதியை மட்டும் உங்களில் ஒருவர் சரிபார்த்துத் தர வேண்டும். டிக்கெட் போட்டிருக்கிறேன். அவசரமில்லை, வரிசைப்படியே பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் யூசர்களில் ஒருத்தி,
திருவண்ணாமலை, ஸ்ரீவில்லிபுத்தூர்